வீட்டுக்கு மருந்தடிக்க வருபவருக்கு லைசென்ஸ் கொடுப்பது யார்?

எங்கள் வீட்டில் ஒருமுறை மூட்டைப்பூச்சி வந்துவிட்டது. கட்டிலை வெயிலில் போட்டோம், வெந்நீர் ஊற்றினோம், ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் பக்கத்துத் தெருவில் போர்டு போட்டிருந்த ஒரு பெஸ்ட் கண்ட்ரோல் கம்பெனிக்குப் போன் செய்தோம். இருபது வயதைத் தாண்டியிருக்காத ஒரு தம்பி வந்தார். தோளில் தெளிப்பான், பையில் இரண்டு பாட்டில். அதில் ஒன்று குடிதண்ணீர் பாட்டில், மேலே ஒட்டியிருந்த தாளைக் கிழித்திருந்தார்கள். உள்ளே எண்ணெய் மாதிரி மஞ்சளாக ஏதோ இருந்தது. அவர் இரண்டு மூடி அளந்து தண்ணீரில் விட்டதும் தெளிப்பானில் இருந்ததெல்லாம் பாலாக வெளுத்தது.

"இது என்ன தம்பி?"

"மருந்துதான் சார்."

"என்ன மருந்து?"

"மூட்டைப்பூச்சி மருந்து சார்."

அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை. கம்பெனியில் ஊற்றிக் கொடுத்ததை அவர் கொண்டுவந்திருக்கிறார். கையில் உறை கிடையாது. முகத்தில் ஒரு கைக்குட்டை. நாங்கள் கதவை மூடிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டோம். அவர் உள்ளேயே நின்று அடித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாட்டிலில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அன்று மனதில் விழுந்த கேள்வி மட்டும் போகவே இல்லை. இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க ஓர் அரசு அலுவலகம் இருக்குமே, அது எது? அது எப்படி வேலை செய்கிறது? அதை மாற்றி அமைக்க வேண்டும் என்று பதினைந்து இருபது வருடங்களாகப் பேசுகிறார்களே, எதை மாற்றப் போகிறார்கள்? படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. நாம் இதை 'மருந்து' என்கிறோம். வயலில் மருந்தடிக்கிறோம், எலிக்கு மருந்து வைக்கிறோம், கரையானுக்கு மருந்து ஊற்றுகிறோம். காய்ச்சலுக்குச் சாப்பிடுவதும் மருந்து, கரப்பானைக் கொல்வதும் மருந்து. பேச்சில் இது பழகிப்போனது, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தம்பி பயமில்லாமல் வெறுங்கையால் அளந்து ஊற்றியதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணமாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றும்.

சட்டம் எங்கிருந்து வந்தது

இந்தியாவில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1968இல் வந்த பூச்சிக்கொல்லிகள் சட்டம். அது வந்த கதையை ஒரு கப்பலிலிருந்து தொடங்க வேண்டும். 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்தில் ஆட்கள் திடீர் திடீரென்று வாந்தி எடுத்து, வலிப்பு வந்து விழுந்தார்கள். நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அன்றைய மதராஸ் மாநிலத்திலும் பாதிப்பு இருந்தது. விசாரித்தபோது தெரியவந்தது இதுதான்: பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியும் கோதுமை மாவு போன்ற உணவுப் பொருட்களும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. விஷம் கசிந்து மூட்டைகளில் ஊறிவிட்டது. அந்த மாவைத்தான் ஜனங்கள் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அந்த பாரத்தியானுக்குக் கடையில் இருந்த பெயர் ஃபோலிடால். தமிழில் அது 'பாலிடாயில்' ஆகி, எல்லா விஷத்துக்கும் பொதுப்பெயராகவே நின்றுவிட்டது. நம்மில் பலர் சின்ன வயதில் கேட்டுப் பழகிய அந்தச் சொல்லுக்கும் இந்தச் சட்டத்துக்கும் மூலம் ஒரே சரக்குதான்.

விசாரணை ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் நீதிபதி ஜே.சி. ஷா. நெருக்கடிநிலைக் காலத்து அத்துமீறல்களைப் பிற்பாடு விசாரித்தாரே, அதே ஷாதான். பூச்சிக்கொல்லிகளுக்குத் தனியாக ஒரு சட்டம் வேண்டும் என்ற பேச்சு அதிலிருந்து வலுத்தது. சட்டம் நிறைவேற 1968 ஆயிற்று. அதற்கான விதிகள் வந்து நடைமுறைக்கு வர 1971 ஆயிற்று. மாவு மூட்டையில் விஷம் கலந்ததற்கும் சட்டம் வேலை செய்யத் தொடங்கியதற்கும் நடுவில் 13 வருடம்.

இந்தப் பிறப்புக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், சட்டத்தின் குணம் இதில் இருக்கிறது. விஷம் எங்கே தயாராகிறது, எதில் அடைக்கப்படுகிறது, எப்படிப் போகிறது, யார் விற்கிறார்கள் என்று பார்ப்பதற்காக எழுதப்பட்ட சட்டம் இது. சரக்கு கடையைத் தாண்டியதும் இதன் பிடி தளர்ந்துவிடுகிறது. நான் சொல்ல வருவதன் மையம் இதுதான், கொஞ்சம் கொஞ்சமாக வருகிறேன்.

யார் எதைப் பார்க்கிறார்கள்

மேலே மத்திய அரசில் இரண்டு அமைப்புகள். ஒன்று மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியம். அரசுக்கு ஆலோசனை சொல்வது இதன் வேலை. இதன் தலைவர், சட்டப்படி, சுகாதாரச் சேவைகளின் தலைமை இயக்குநர். இன்னொன்று பதிவுக் குழு. உண்மையான சாவி இதன் கையில். இந்தக் குழு பதிவு கொடுக்காமல் ஒரு பூச்சிக்கொல்லியை இந்தியாவில் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ முடியாது. இரண்டுக்கும் அலுவலகம், ஆள், கோப்பு எல்லாம் மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழ், ஃபரிதாபாத்தில் இருக்கும் பயிர்ப் பாதுகாப்பு இயக்குநரகத்தில் இருக்கின்றன.

நெல்வயலுக்கு அடிப்பது மட்டும்தான் இதில் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். கொசுவத்தி, பிளக்கில் மாட்டும் திரவம், கரப்பானுக்குத் தடவும் ஜெல், எலி பிஸ்கட் எல்லாமே இதே குழுவிடம்தான் பதிவு பெற வேண்டும்.

பதிவு என்றால் என்ன? கம்பெனி தன் சரக்கைப் பற்றிய விவரங்களைக் கொடுக்கிறது. வேதிப்பொருள் என்ன, எந்தப் பூச்சியைக் கொல்லும், எலியிலும் மீனிலும் தேனீயிலும் சோதித்தபோது என்ன ஆயிற்று, பயிரில் எத்தனை நாள் தங்குகிறது என்றெல்லாம். குழு அதைப் பார்த்து, இன்ன பயிருக்கு இன்ன பூச்சிக்கு இன்ன அளவில் என்று அனுமதிக்கிறது. அந்த அனுமதிதான் பிறகு பாட்டிலின் லேபிளாக அச்சாகிறது. ஆக லேபிள் என்பது கம்பெனிக்காரர் இஷ்டத்துக்கு எழுதும் விளம்பரத் தாள் இல்லை. ஒருவர் பதிவு வாங்கிய சரக்கையே இன்னொரு கம்பெனி அதே நிபந்தனைகளோடு பதிவு செய்துகொள்ளவும் சட்டத்தில் வழி உண்டு. ஒரே மருந்து ஐம்பது பெயரில் கடையில் நிற்பது இதனால்தான்.

லேபிளில் நிற்கும் சாய்சதுரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொசு மருந்துப் பெட்டியில்கூட இருக்கும். இப்போதே ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறம்தான் விஷத்தின் அளவு. சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், கடைசியில் பச்சை. சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்ல, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் வாய்வழியாகத் தேவைப்பட்டது என்பதை வைத்து இதைப் பிரித்திருக்கிறார்கள். 50 மில்லிகிராமுக்குள் என்றால் சிவப்பு, 5000க்கு மேல் என்றால் பச்சை. பச்சை என்றால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே தடவையில் கொல்லும் வேகம் குறைவு, அவ்வளவுதான். வருடக்கணக்கில் சிறிது சிறிதாக உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு அந்த முக்கோணத்தில் பதில் இல்லை.

டெல்லிக்குக் கீழே மாநிலம். தயாரிக்க, விற்க, இருப்பு வைக்க, அப்புறம் பெஸ்ட் கண்ட்ரோல் தொழில் நடத்த, எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் கொடுப்பது மாநில அரசு. தமிழ்நாட்டில் வேளாண்மைத் துறை. தலைப்பில் இருக்கும் கேள்விக்கு இதுதான் பதில். சென்னையில் எட்டாவது மாடியில் கரப்பானுக்கு மருந்தடிக்க வருபவரின் கம்பெனியும் வேளாண்மைத் துறையிடம்தான் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். மாநகராட்சி, சுகாதாரத் துறை என்று தேடிப்போனால் கிடைக்காது.

லைசென்ஸ் கேட்கும் கம்பெனியில் படித்தவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்கின்றன விதிகள். வேளாண்மையில் பட்டம், அல்லது வேதியியலை ஒரு பாடமாகப் படித்த அறிவியல் பட்டம். அதோடு குறைந்தது 15 நாள் பயிற்சிச் சான்றிதழ். மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் பயிற்சி தரும் இடங்களில் ஒன்று. சரி, நல்ல விதிதான். ஆனால் சான்றிதழ் வைத்திருப்பவர் ஆபீஸில் இருப்பார். தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு உங்கள் படுக்கையறைக்குள் வருபவர் வேறு ஆள். வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்பு உடையும் முகமூடியும் பயிற்சியும் கொடுக்க வேண்டும் என்று விதிகளில் எழுதித்தான் இருக்கிறது. அது நடக்கிறதா என்று உங்கள் வீட்டு வாசலில் வந்து பார்க்க யாரும் கிடையாது.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு குடும்பம் எலித்தொல்லைக்காக பெஸ்ட் கண்ட்ரோல் ஆட்களை அழைத்தது. அவர்கள் வீட்டுக்குள் எலிமருந்து வைத்துவிட்டுப் போனார்கள். இரவில் கதவு ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டுப் படுத்த பெற்றோரும் இரண்டு குழந்தைகளும் வாந்தி, மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குப் போனார்கள். குழந்தைகள் இரண்டு பேரும் பிழைக்கவில்லை. போலீஸ் வழக்குப் போட்டது, கைதுகள் நடந்தன. எல்லாம் நடந்து முடிந்த பிறகு. அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் வீட்டு மாடியில் நாங்கள் நின்றுகொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம் நினைவுக்கு வந்து, ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

ஆய்வாளர் கடைக்குப் போனால்

மேற்பார்வை என்ற சொல் நடைமுறையில் என்ன என்று பார்க்க, உரக்கடைக்கு ஆய்வாளர் போகும் காட்சியைப் பார்க்கலாம். வேளாண் துறை அதிகாரிகளுக்கே பூச்சிக்கொல்லி ஆய்வாளர் என்ற அதிகாரமும் கொடுத்திருக்கிறார்கள். அவர் கடைக்குள் நுழையலாம், பதிவேட்டைப் பார்க்கலாம், சந்தேகப்பட்ட சரக்கின் விற்பனையை நிறுத்தி வைக்கலாம். மாதிரி எடுக்கும்போது அதை மூன்று பங்காகப் பிரித்து, மூன்றுக்கும் முத்திரை வைக்கிறார். ஒன்று கடைக்காரரிடமே திரும்பும். ஒன்று ஆய்வகத்துக்குப் போகும். மூன்றாவது, வழக்கு என்று வந்தால் நீதிமன்றத்துக்கு.

கோவில்பட்டி மாதிரி ஊர்களில் இருக்கும் மாநில ஆய்வகத்தில் பாட்டிலில் எழுதிய அளவுக்கு வேதிப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முடிவு வர 30 நாள் கெடு. முடிவை ஏற்காத கடைக்காரரோ கம்பெனியோ 28 நாளுக்குள் எதிர்ப்புச் சொல்லி, ஃபரிதாபாத்தில் இருக்கும் மத்திய ஆய்வகத்தில் மறு சோதனை கேட்கலாம். இது அவர்களுடைய உரிமை, நியாயமான உரிமையும்கூட. ஆனால் இங்கேதான் ஓட்டை விழுகிறது. பூச்சிமருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு. அறிக்கை தாமதமாகி, வழக்குப் போடுவதும் தாமதமாகி, அதற்குள் அந்தத் தேதி தாண்டிவிட்டால் மறு சோதனைக்கு அர்த்தமே இல்லாமல் போகும். அப்படி உரிமை பறிபோனால் வழக்கு நிற்காது என்று 1999இல் ஹரியானா மாநில வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு எத்தனையோ கம்பெனிகள் இதைக் காட்டி வெளியே வந்திருக்கின்றன. தண்டனையும் பெரிதில்லை. லைசென்ஸ் இல்லாமல் விற்றாலோ போலிச் சரக்கு விற்றாலோ முதல் தடவை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 10,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெரிய கம்பெனிக்கு 50,000 ரூபாய் எந்த மூலைக்கு?

மாநிலத்துக்கு இருக்கும் அதிகாரத்தையும் பார்த்துவிடலாம். ஒரு மருந்து ஆபத்தானது என்று தமிழ்நாடு அரசுக்கே தெரிந்தாலும் அதை நிரந்தரமாகத் தடை செய்ய இந்தச் சட்டத்தில் வழியில்லை. 27ஆவது பிரிவின்படி 60 நாள் தடை போடலாம். விசாரணை முடியவில்லை என்றால் இன்னொரு 30 நாள் நீட்டலாம். 2023இல் தமிழ்நாடு அரசு மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளை, தற்கொலைகளைக் குறைப்பதற்காக, அப்படித்தான் 60 நாள் தடை செய்தது. நிரந்தரத் தடை வேண்டும் என்றால் டெல்லியிடம்தான் கேட்க வேண்டும்.

இந்த மோனோகுரோட்டோபாஸின் கதை ஒன்றே போதும், சட்டம் எங்கே நின்றுவிடுகிறது என்று காட்ட. 2005இல் மத்திய அரசு இதைக் காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாது என்றது. பருத்தி மாதிரிப் பயிர்களுக்கு அடிக்கலாம். அதே பாட்டில், அதே கடை. வாங்கிப் போகிறவர் பருத்திக்கு அடிக்கிறாரா கத்தரிக்காய்க்கு அடிக்கிறாரா என்று யார் பார்ப்பது? 2013 ஜூலையில் பீகாரின் சரன் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அங்கே பேசப்பட்ட பெயர்களிலும் இது உண்டு. அதன் அதிகம் விற்ற வடிவத்துக்கு மத்திய அரசு தடை சொன்னது 2023இல்.

1968 சட்டத்தின் 38ஆவது பிரிவு, தன் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் தான் பயிரிடும் நிலத்துக்கும் பூச்சிக்கொல்லி பயன்படுத்துபவரைச் சட்டத்திலிருந்து விலக்கிவைக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஏழை விவசாயியைப் போலீஸ் கேஸுக்கு இழுக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம் அதில் இருக்கிறது. ஆனால் தண்டிக்காமல் விட்டதோடு, சொல்லிக் கொடுக்காமலும் விட்டுவிட்டோம். ஒரு டேங்குக்கு எத்தனை மூடி என்று இன்றைக்கும் விவசாயிக்குச் சொல்பவர் பெரும்பாலும் கடைக்காரர்தான். விற்பவரே வைத்தியரும் ஆகிவிட்டார்.

தெளிக்கும் கையையும் சேர்த்துப் பார்க்கும் இடம் ஒன்று நம் விதிகளில் உண்டு. தானியக் கிடங்குகளில் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றிலுள்ள ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற கொடிய வாயு வரும். கிடங்கில் மூட்டை அடுக்கை நெகிழித் திரையால் மூடி, அது தரையைத் தொடும் விளிம்பு முழுக்க மணல் அடைத்த நீளப் பைகளைப் பாம்பு மாதிரி வளைத்துப் போட்டு வாயு வெளியேறாமல் அழுத்திவைப்பார்கள். இந்த மாத்திரையை அரசு அமைப்புகளுக்கும் அங்கீகாரம் பெற்ற பெஸ்ட் கண்ட்ரோல் நிறுவனங்களுக்கும் மட்டும்தான் விற்க வேண்டும் என்பது விதி. அப்படியும் அது வீடுகளுக்குள் வந்து உயிர் எடுத்த செய்திகள் நிற்கவில்லை. விதி இருந்தும் பார்க்க ஆள் இல்லை என்றால் இதுதான் கதி.

மறுசீரமைப்பு என்றால் என்ன

இந்த வேலையை எந்தத் துறை செய்யும், யாருக்கு எவ்வளவு அதிகாரம், யாரை யார் கேள்வி கேட்கலாம் என்பதை மாற்றி எழுதுவதுதான் மறுசீரமைப்பு. இதில் மற்ற நாடுகள் பட்ட பாடு நமக்குப் பாடம்.

அமெரிக்காவில் 1947இல் வந்த பூச்சிக்கொல்லிச் சட்டம் முதலில் வேளாண் துறையின் கையில் இருந்தது. விளைச்சலைக் கூட்டுவதுதான் அந்தத் துறையின் தலையாய வேலை. விளைச்சலுக்காக விஷத்தைப் பரிந்துரைப்பதும் அதே விஷத்துக்குக் கடிவாளம் போடுவதும் ஒரே கை என்றால் எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1970 டிசம்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உருவானபோது பூச்சிக்கொல்லிப் பதிவை வேளாண் துறையிடமிருந்து எடுத்து அதனிடம் கொடுத்தார்கள். 1972 ஜூனில் அதன் தலைவர் வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸ் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியின் பெரும்பாலான பயன்பாடுகளை நிறுத்தி உத்தரவு போட்டார். அதே வருடம் சட்டத்தையும் திருத்தினார்கள். கடுமையான விஷங்களைத் தனியே பிரித்து, சான்றிதழ் பெற்றவரோ அவருடைய மேற்பார்வையில் இருப்பவரோதான் அதைத் தெளிக்கலாம் என்றார்கள். என் கண்ணுக்கு டிடிடி உத்தரவைவிடப் பெரியது இந்தத் திருத்தம்தான். அதுவரை பாட்டிலை மட்டும் பார்த்த சட்டம் ஆளையும் பார்க்கத் தொடங்கியது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 1996இல் மிசிசிப்பி மாநிலத்தில், லைசென்ஸ் இல்லாத சிலர் வயலுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட மெத்தில் பாரத்தியானைக் கரப்பானுக்காக வீடு வீடாக அடித்திருந்தது தெரியவந்தது. 'பருத்தி விஷம்' என்று பேச்சு வழக்கில் சொல்வார்களாம். மலிவு, நன்றாகக் கேட்கும், ஏழை வீடுகளில் கேட்டு வாங்கி அடித்துக்கொண்டார்கள். வெயிலும் மழையும் படும் வயலில் சில நாட்களில் சிதையும் அந்த விஷம், வீட்டுச் சுவரில் மாதக்கணக்கில் தங்கும். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வீடுகளிலிருந்து வெளியேற்றி, சுவர்ப் பலகையையும் தரைவிரிப்பையும் பெயர்த்துப் போட வேண்டிவந்தது. 1958இல் கேரளத்து மாவில் கலந்ததன் நெருங்கிய உறவுக்காரச் சரக்கு இது.

டெக்சஸ் மாநிலம் இன்னொரு வழி. அங்கே கட்டடங்களுக்குள் நடக்கும் பெஸ்ட் கண்ட்ரோலுக்கென்றே 1971இல் தனி வாரியம் அமைத்தார்கள். 1977இல் வேறொரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 12 வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு அரசு அமைப்பையும் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அது தொடர வேண்டும் என்று சட்டமன்றம் திரும்ப முடிவெடுக்காவிட்டால் அந்த அமைப்பு தானாகவே கலைந்துவிடும். அந்த வரிசையில் 2007இல் பெஸ்ட் கண்ட்ரோல் வாரியம் கலைக்கப்பட்டு, அதன் வேலை மாநில வேளாண் துறைக்குப் போனது. கவனியுங்கள், வாஷிங்டனில் வேளாண் துறையிடமிருந்து பிடுங்கினார்கள், டெக்சஸில் வேளாண் துறையிடமே சேர்த்தார்கள். எனவே எந்தத் துறை என்பதற்கு ஒரே சரியான விடை இருப்பதாக நான் நினைக்கவில்லை. எனக்குப் பிடித்திருப்பது அந்த 12 வருடக் கணக்குதான். நம் 1968 சட்டத்தை அப்படி யாராவது குறித்த காலத்தில் எடுத்துப் பார்த்திருந்தால் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்ததைப் பற்றி எவ்வளவோ முன்பே கேள்வி எழுந்திருக்கும். அந்த மருந்துக்கு 2011 மே மாதத்தில் தடை சொன்னது உச்ச நீதிமன்றம். மேற்பார்வை பார்க்க வேண்டிய அமைப்பு அதுவாகச் சொல்லவில்லை.

நம் ஊரிலும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2003இல் குளிர்பானங்களில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகப் பெரிய சர்ச்சை கிளம்பி, நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரித்தது நினைவிருக்கலாம். அதற்குப் பிறகு 2008இல் பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதா மாநிலங்களவைக்கு வந்து, சட்டமாகாமலே போனது. 2020 மார்ச்சில் இன்னொன்று வந்தது. பெஸ்ட் கண்ட்ரோல் தொழிலுக்குத் தெளிவான விளக்கம், கூடுதல் அபராதம், மாநிலங்கள் ஓராண்டு வரை தடை போட அனுமதி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டு நிதி என்று அதில் சில நல்ல அம்சங்கள் இருந்தன. நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போய், 2021 டிசம்பரில் அறிக்கையும் வந்தது. அதுவும் சட்டமாகவில்லை. பிறகு 2025 என்ற ஆண்டைத் தாங்கிய புதிய வரைவு ஒன்றை வேளாண் அமைச்சகம் மக்கள் கருத்துக்கு வைத்தது.

இந்த வரைவுகளைப் படிக்கும்போது நீங்கள் தேட வேண்டியவை என்று எனக்குப் படுவது மூன்றே விஷயம். தெளிக்கும் ஆளுக்குப் பயிற்சியும் பாதுகாப்பு உடையும் கொடுப்பது யார் பொறுப்பு, கொடுக்காவிட்டால் என்ன தண்டனை. விஷம் பட்டவர் ஆஸ்பத்திரிக்கு வந்தால் அந்தத் தகவல் பதிவுக் குழுவரை கட்டாயமாகப் போகுமா. மாநிலம் ஒரு மருந்தை நிரந்தரமாக நிறுத்த முடியுமா. அபராதத் தொகை எவ்வளவு என்பதைத்தான் செய்தித்தாள்கள் முதலில் போடும். அதைவிட இந்த மூன்றும் முக்கியம்.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை மருந்தடிக்க ஆள் கூப்பிடுகிறவர்கள், போனிலேயே லைசென்ஸ் நகலை அனுப்பச் சொல்லுங்கள். எந்த மருந்து என்று பெயர் கேளுங்கள். கம்பெனி முத்திரையோடு வந்த பாட்டிலை வீட்டில் வைத்துத்தான் திறக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே வரலாம், எவ்வளவு நேரம் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ ஆஸ்துமா இருப்பவரோ இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல் என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி, கையில் அந்த லேபிளின் போட்டோவோடு. எந்த விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான மாற்று மருந்தைத் தேட முடியும்.

அடுத்த முறை கரப்பானுக்கு வேறொரு கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். ஊசிக்குழல் மாதிரி ஒன்றில் ஜெல் வைத்திருந்தார். அலமாரிக் கீல்களுக்குப் பின்னால், சிங்க்குக்கு அடியில், ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம் என்று கடுகளவு கடுகளவாக வைத்துக்கொண்டே போனார். கேட்பதற்கு முன்பே குழலைத் திருப்பி லேபிளைக் காட்டி, மருந்தின் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கையில் உறை போட்டிருந்தார். முக்கோணத்தின் நிறத்தைப் பார்த்து, ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.